கண்ட நிலையில் ஒரு சன்னல்

சாவிக்காரர் பழைய வீடு வாங்கப் போகிறார் என்பது சாவிக்காரருக்கு உறுதியாவதற்கு முன்பே தெருவுக்கு உறுதியாகிவிட்டது. காரணம் அவருடைய மச்சினன். வீட்டுத் தரகன். வாயில் எதுவும் தங்காது. ரகசியம் என்று அவனிடம் சொல்வதும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். ஒலிபெருக்கிக்கு வாடகை உண்டு, இவனுக்குக் கிடையாது.

சாவிக்காரரைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் அசடு வழிய நிற்கும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருகிற ஆள் அவர்தான். இடுப்பில் ஒரு தோல்பை, அதற்குள் கம்பி, அரம், குறடு. எப்பேர்ப்பட்ட பூட்டாக இருந்தாலும் அதன் காதில் ஏதோ கிசுகிசுத்துத் திறந்துவிடுவார். அவர் வாய் திறப்பதுதான் அபூர்வம். வீட்டில் அந்தப் பொறுப்பைத் தையலம்மா ஏற்றிருந்தார்.

தையலம்மா அவர் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்க வீட்டில், குழல்விளக்கின் கீழே குனிந்து, ஊருக்கெல்லாம் துணி தைத்தார். சூரியன் அந்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வடிய ஆரம்பித்து, கறுப்புச் சட்டைக்குக் கருநீல நூல் போட்டுக் கொடுத்து வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கண் மருத்துவரிடம் போனார். "பகல் வெளிச்சத்துல உட்கார்ந்து தைங்க. இல்லேன்னா தைக்கறதை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார் மருத்துவர்.

அன்று வீடு திரும்பும் வழியில் சாவிக்காரர் வாய் திறந்தார். "சன்னல் இருக்கற வீடு வாங்கறேன். சன்னல் ஓரத்துல உன் மெஷின்."

அவ்வளவுதான் பேசினார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் தன் சாவிக் கடையை அடமானம் வைத்தார், அதன் பிறகு நடந்ததெல்லாம் நடந்தது.

மச்சினன் காட்டிய வீடு நகரத்தின் பழைய பகுதியில், இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே, கூட்டத்தில் மாட்டிக்கொண்ட குள்ளனைப் போல நின்றிருந்தது.

"மாமா, இது வெறும் வீடு இல்ல. இதுக்குன்னு ஒரு குணம் இருக்கு" என்றான்.

"என்னடா குணம்?" என்றார் தையலம்மா.

அந்த நேரம் மேலே இருந்து ஒரு துண்டுக் காரை அவன் தோளில் விழுந்தது.

"கொஞ்சம் கோபக்கார வீடு, அக்கா" என்று தட்டிவிட்டுக்கொண்டான்.

முன்னறையில் ஆள் உயரத்துக்கு ஒரு சன்னல் இருந்தது. தெருவைப் பார்த்த சன்னல். கிழக்கு வெளிச்சம் நேராக உள்ளே வரும். ஆனால் உட்புறம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் பலகை அடித்திருந்தது. எதிர்வீட்டு அம்மாவோடு சண்டை போட்ட முந்தைய வீட்டுக்காரர், அந்த அம்மாவின் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வீம்புக்கு அடித்தது. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

"பலகைதானே, ஒரு மதிய நேரத்து வேலை" என்று சாவிக்காரர் தோல்பையைத் தட்டினார். வீட்டை வாங்கினார்கள். நாலு ஆட்கள் சேர்ந்து தையலம்மாவின் இரும்புத் தையல் மெஷினைத் தூக்கி வந்து பலகைச் சன்னலுக்கு அடியில் வைத்தார்கள். சாவிக்காரர் குறடை எடுத்து முதல் ஆணியின் தலையைப் பிடித்தார்.

"நிறுத்துங்க!"

வாசலில் ஒரு மனிதர் தலைகுனிந்து கண்மூடி நின்றிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு மென்மையான தூரிகை. துக்க வீடு என்று நினைத்து மாறி வந்துவிட்டாரோ என்று தையலம்மா பயந்தார். சற்று நேரம் கழித்துக் கண் திறந்து, "பழைய கட்டடத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் மௌனமா நிக்கணும். எங்க வாரியத்தோட வழக்கம்" என்றார். பழங்கட்டடப் பேணல் வாரியத்தின் ஆய்வாளர் அவர். இந்த வீடு வாரியத்தின் பாதுகாப்பில் இருப்பதைத் தரகர் சொல்லவில்லையா என்று கேட்டார். முதல் ஆய்வு இன்றுதானாம்.

எல்லோரும் மச்சினனைப் பார்த்தார்கள். அவன் கூரையைப் பார்த்தான்.

"பாதுகாப்புன்னா நல்லதுதானே அக்கா. காவலுக்கு ஆள் வைக்க வேண்டாம்."

ஆய்வாளர் வாரியத்தின் தாரக மந்திரத்தை விளக்கினார். 'கண்ட நிலையே மரபு நிலை.' அதாவது, முதல் ஆய்வின்போது எது எது எப்படி எப்படிக் காணப்பட்டதோ, அது அது அப்படி அப்படியே காலத்துக்கும் இருக்க வேண்டும். எதுவும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது, நகரவும் கூடாது.

பிறகு தூரிகையால் சுவரைத் தடவி, "எப்படி இருக்கே?" என்று மெல்லக் கேட்டார். சுவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஏதோ கேட்டிருக்க வேண்டும், தலையாட்டிக்கொண்டார். அறை அறையாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். முன்னறை விளக்கு எரியவில்லை. 'அணைந்த நிலையில்' என்று குறித்தார். தையலம்மா தரை துடைத்துவிட்டு மூலையில் வைத்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் வாளியைச் சுற்றி வந்து, மண்டியிட்டுப் பார்த்து, 'நீர்க்கலம், செந்நிறம்' என்றார்.

"அது நேத்து கடையில வாங்கினதுங்க" என்றார் தையலம்மா.

"கண்ட நிலையில இருந்துதா இல்லையா?"

"இருந்துது."

"அப்ப சரி."

சுவர் ஆணியில் ஒரு கறுப்புக் குடை தொங்கியது. 'மழைத் தடுப்புக் கருவி, மடக்கிய நிலையில்.' மச்சினன் பதறிப்போய் எழுந்தான்.

"சார், அது என் குடை! வரும்போது மாட்டினேன்."

"இப்ப அது உங்க குடை இல்ல. நம்ம எல்லாருடைய குடை" என்று ஆய்வாளர் அவன் தோளை அன்பாகத் தொட்டார்.

கடைசியாகச் சன்னலுக்கு வந்தார். பலகைகளைப் பார்த்ததும் தூரிகையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இந்த மாதிரி வெளிச்சத்தை வேணும்னே அடக்கி வெச்ச அமைப்பு இந்த நகரத்துலேயே வேற எங்கயும் இல்ல. இதுக்கு ஒளியடக்கப் பாணின்னு பேர்."

"யார் வெச்ச பேர்?"

"இப்பதான் வெச்சேன்."

"இது எதிர்வீட்டு அம்மாவோட சண்டை போட்டு அடிச்ச பலகைங்க" என்றார் சாவிக்காரர்.

"சண்டைகளாலதான் ஐயா பெரிய பெரிய கோட்டையெல்லாம் கட்டியிருக்காங்க."

சாவிக்காரர் குறடைத் தோல்பைக்குள் திரும்பப் போட்டார். தையலம்மா மட்டும் பலகையில் இடுப்புயரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு துருப்பிடித்த ஆணியைக் காட்டினார். "இதையாவது உள்ள அடிச்சுக்கலாமா? போற வர்றவங்க மேல பட்டுக் கிழிச்சிடும்."

"துருத்திய நிலையில்" என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

அப்படியாக, ஊரின் பூட்டையெல்லாம் திறக்கிறவர் தன் வீட்டுச் சன்னலைத் திறக்க முடியாமல் உட்கார்ந்தார். கடைக்கு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "சன்னல் திறந்துடுச்சா?" என்று நலம் விசாரிப்பது போலக் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சாவிக்கு நிற்காமல் சிரிக்கப் போய்விட்டார்கள்.

ஆய்வாளர் வாரம் தவறாமல் வந்து சுவரை நலம் விசாரித்தார். அவர் வரும்போதெல்லாம் குளிக்க வாங்கிய இரண்டாவது வாளியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தார்கள். அதையும் பார்த்துவிட்டால் அதுவும் போய்விடும் என்ற பயம். முன்னறை விளக்கை மாற்றக் கூடாது. சமையலறையில் மெஷின் நுழையாது. தையலம்மா இருட்டில் மெஷினைத் தடவித் தடவித் தைத்தார். ஊசியில் நூல் கோப்பதற்குக் கண் இப்போது தேவைப்படவேயில்லை, விரலே பார்த்துக்கொண்டது. ஆனால் விரலுக்கு நிறம் தெரியாதே. ஒரு மணப்பெண்ணின் வெள்ளை உடுப்புக்குச் சாம்பல் நூல் போய்விட்டது. அந்த வீட்டார் வந்து பேசிய பேச்சைத் தெருவே சன்னல் சன்னலாக நின்று கேட்டது. அவர்களுக்கெல்லாம் சன்னல் இருந்தது.

அன்று தையலம்மா மெஷினைத் துணி போட்டு மூடினார்.

"மழைக்காலத்துக்குள்ள அந்தப் பலகை போகலேன்னா இதை வித்துடுங்க. என்னால முடியல."

அவர் கத்தியிருந்தால் சாவிக்காரருக்குப் பழக்கம். மெதுவாகச் சொன்னார். மறுநாளே சாவிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார்.

பழைய கட்டடங்களைப் பேணும் வாரியம் புத்தம்புதுக் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. சுவர் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சன்னல். உள்ளே வெளிச்சம் வழிந்தது. அதிகமாகிவிட்டது என்று திரைச்சீலை போட்டிருந்தார்கள். சாவிக்காரர் அந்தத் திரைச்சீலைகளையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சன்னல் துணைக்குழுவில், "பலகை அடிச்சிருக்கறதால அது சன்னல் இல்ல, சுவர்" என்றார்கள். சுவர் துணைக்குழுவில், "மரமா இருக்கறதால அது சுவர் இல்ல, கதவு வகை" என்றார்கள். கதவுத் துணைக்குழுவின் கதவு பூட்டியிருந்தது. சாவி எங்கேயோ தொலைந்துவிட்டதாம், அதனால் அந்தக் குழு கூடுவதே இல்லையாம். சாவிக்காரரின் கை தானாகத் தோல்பைக்குப் போனது. கடைநிலை ஊழியர் ஓடிவந்து தடுத்தார். "வேண்டாம் அண்ணே. பூட்டிய நிலையில்னு குறிச்சிட்டாங்க."

கடைசியில் தலைவரே பார்க்கச் சம்மதித்தார். வாட்டசாட்டமான மனிதர். மடிப்புக் கலையாத கறுப்புக் கால்சட்டை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தான் நின்றுகொண்டு பேசுவார். அப்போதுதான் உரை மாதிரி இருக்கும்.

"பழமைங்கறது நம்ம உயிர்மூச்சு! ஒரு பழைய வீட்டைப் பார்த்தா எனக்குக் கண் கலங்கும்!"

"ஐயாவும் பழைய வீட்டுலதான் இருக்கீங்களா?" என்று சாவிக்காரர் பணிவாகக் கேட்டார். கிண்டல் இல்லை, அவருக்கு அது வராது.

"நானா?" தலைவர் உண்மையிலேயே பதறிவிட்டார். "எலி இருக்கும், ஒழுகும், காத்து வராது, வெளிச்சம் வராது. மனுஷன் இருக்கற இடமாய்யா அது?"

"நாங்க இருக்கோமே, ஐயா."

"நீங்க எங்க இருக்கீங்க? நீங்க பாதுகாக்கறீங்க!"

சாவிக்காரர் திருதிருவென விழித்தார்.

தலைவர் அவர் தோளில் கைபோட்டு வாசல்வரை வந்தார். "கவலைப்படாதீங்க. உங்க வீட்டு வாசல்ல பித்தளைப் பலகை வைக்கப் போறோம். 'ஒளியடக்கப் பாணியின் எஞ்சிய ஒரே சான்று.' அமைச்சரே வந்து திறந்து வைக்கறார்."

பலகையை எடுக்கச் சொல்லி வந்தவருக்கு இன்னொரு பலகை கிடைத்தது. தையலம்மா இதைக் கேட்டு மெஷின் மேலிருந்த துணியை இன்னும் இழுத்து மூடினார். மச்சினன்தான் சொன்னான்: "மாமா, அமைச்சர் வந்தா என் குடையைப் பத்தி ஒரு வார்த்தை..."

விழா நாள் காலையில் தெரு நிறைய ஆட்கள். வாசலில் பித்தளைப் பலகை, அதற்கு முன்னால் சிவப்பு வெல்வெட்டுத் திரை. தலைவர் முன்னதாகவே வந்து, ஆய்வாளரோடு சேர்ந்து மௌனமாக நின்று, முன்னறைக்குள் நுழைந்தார். அமைச்சரிடம் அடக்கப்பட்ட ஒளியை எப்படிக் காட்டுவது என்று ஒத்திகை பார்க்க வேண்டுமாம்.

"அமைச்சர் இங்க நிப்பார். நான் இப்படிப் பலகை மேல சாஞ்சு, கையை நீட்டி..."

சாய்ந்தார். கையை நீட்டினார். பிறகு கம்பீரமாக ஒரு அடி முன்னால் வைத்தார்.

'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். துருத்திய நிலையிலிருந்த ஆணி தன் கடமையைச் செய்திருந்தது.

தலைவர் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோனார். முகம் மாறியது. கால்சட்டை இடுப்பிலிருந்து தொடைவரை திறந்துவிட்டது. அந்த வீட்டில் சாவிக்காரர் தொடாமலேயே திறந்த முதல் பொருள் அதுதான். தெருமுனையில் காவல் வண்டியின் சைரன் கேட்டது. அமைச்சர் வந்துகொண்டிருந்தார்.

"கழட்டிக் குடுங்க ஐயா. தைச்சுத் தர்றேன்" என்று தையலம்மா மெஷின் மேலிருந்த துணியை விலக்கினார்.

ஆய்வாளர் வாசலுக்கு ஓடி வெல்வெட்டுத் திரையை உருவி வந்தார். தலைவர் மூலையில் போய் அதைச் சுற்றிக்கொண்டு கால்சட்டையை நீட்டினார். தையலம்மா அதை வாங்கி, மெஷினில் உட்கார்ந்து, ஊசிக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோனார். நூலை நீட்டினார். தவறியது. மறுபடி நீட்டினார். மறுபடி தவறியது.

"என்னம்மா?"

"கறுப்புத் துணி, கறுப்பு நூல். ஒண்ணும் தெரியலையே ஐயா."

"விளக்கைப் போடுங்களேன்!"

"அணைந்த நிலையில், ஐயா" என்றார் ஆய்வாளர். "நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க." தன் கைபேசி வெளிச்சத்தை அடித்துக் காட்டினார்.

தையலம்மா கண்ணைச் சுருக்கினார். "இந்த வெளிச்சத்துல தைச்சா ரெண்டு காலையும் சேர்த்துத் தைச்சுடுவேன். அப்புறம் ஐயா அமைச்சர்கிட்ட துள்ளித் துள்ளித்தான் போகணும்."

சாவிக்காரர் சுவரோரம் நின்று மனைவியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நள்ளிருட்டிலும் ஒரே முயற்சியில் நூல் கோக்கிற விரல்கள் அவை. இன்று மட்டும் ஏன் இப்படித் தடுமாறுகின்றன? தையலம்மா தலைநிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். சாவிக்காரர் சட்டென்று கூரையைப் பார்த்தார். மச்சினனிடம் கற்ற வித்தை.

சைரன் தெருவுக்குள் திரும்பியது.

"பலகையை எடுங்க!" என்றார் தலைவர்.

ஆய்வாளருக்குப் பேய் அறைந்தது போல ஆனது. "ஐயா! கண்ட நிலை..."

"நான் இப்ப இருக்கற நிலையைக் கண்டியா நீ?"

சாவிக்காரர் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. தோல்பையிலிருந்து குறடு எப்போது வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. எத்தனை நாள் நினைத்து நினைத்துப் பழகிய ஆணிகள்! ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். முதல் பலகை வந்தது. பின்னாலிருந்த சன்னல் கதவின் இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் தரையில் விழுந்தது. அடுத்தது வந்தது. கடைசிப் பலகை வந்ததும், அந்த மரக்கதவுகளை இரண்டு பக்கமும் தள்ளினார். காலை வெயில் மொத்தமாக உள்ளே வந்து மெஷின் மேல், துணி மேல், தையலம்மாவின் கைகள் மேல் விழுந்தது. அவர் ஒரு கணம் தைக்க மறந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எதிர்வீட்டு அம்மா தன் சன்னலிலிருந்து கையசைத்தார். மூலையில் வெல்வெட்டைச் சுற்றிக்கொண்டு நின்ற தலைவர் சட்டென்று அறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

தையலம்மா நிதானமாகத் தைத்தார். அவசரப்படுத்திய ஆய்வாளரிடம், "இரட்டைத் தையல் போட்டாத்தான் மறுபடி பிரியாது" என்றார். கால்சட்டை தலைவரின் காலுக்குள் போன அதே நேரத்தில் அமைச்சர் அறைக்குள் வந்தார். வெயிலில் கண்கூசிக் கையால் மறைத்துக்கொண்டார்.

"எங்கய்யா ஒளியடக்கம்?"

ஆய்வாளர் சுவரோடு சுவரானார். தலைவர் ஆணி பட்ட இடத்தை ஒருமுறை தடவிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"அதுதான் அமைச்சரே இந்தப் பாணியோட நுட்பம்! ஒளியை வருஷக்கணக்கா அடக்கி, அடக்கி, அடக்கி வெச்சு... உங்களை மாதிரி ஒருத்தர் வரும்போது திறந்து விடறது!"

அமைச்சர் உருகிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். புகைப்படக்காரர் படம் எடுத்தார். படத்தில் திறந்த சன்னல், அதன் கீழே மெஷினில் தையலம்மா, கையில் பலகையோடு சாவிக்காரர், சிவப்பு வாளி, ஆணியில் குடை, குடையைத் தொடப் போன நிலையில் மச்சினன்.

வாரியத்தின் ஆண்டு மலரின் அட்டையில் அந்தப் படம் வந்தது. வந்த பிறகு ஆய்வாளர் ஒரு மதியம் வந்தார். மௌனமாக நின்று, சுவரை விசாரித்துவிட்டு, வருத்தத்தோடு சொன்னார்: "இனிமே மலர்ல வந்ததுதான் கண்ட நிலை. பலகையைத் திரும்ப அடிக்கக் கூடாது."

"அடிக்க மாட்டோம்" என்றார் சாவிக்காரர் மிகுந்த கஷ்டத்தோடு சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மெஷினை நகர்த்தக் கூடாது."

"நகர்த்த மாட்டேன்" என்றார் தையலம்மா, தைத்துக்கொண்டே. அவர் மடியில் ஒரு வெள்ளை உடுப்பு இருந்தது. சாம்பல் நூலைப் பிரித்து வெள்ளை நூல் போட்டுக்கொண்டிருந்தார்.

"சன்னலைச் சாத்தவும் கூடாது."

"மழை வந்தா?"

"மழைக்குத் தனியா மனு போடணும்."

வானத்துக்குக் காது உண்டு போலிருக்கிறது. சொல்லி வாய் மூடவில்லை, இடித்துக்கொண்டு பெய்ய ஆரம்பித்தது. சாரல் சன்னல் வழியாக மெஷின்மேல் தெறித்தது. தையலம்மா வெள்ளை உடுப்பை மட்டும் மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தான் நனைவதைப் பற்றி அவருக்குக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. வெளிச்சத்தோடு வந்ததுதானே என்பது போல உட்கார்ந்திருந்தார்.

ஆய்வாளர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து சுவரைப் பார்த்தார். பிறகு ஆணியைப் பார்த்தார்.

"அம்மா, அந்தக் குடையைக் கொஞ்சம்... நாளைக்கே கொண்டுவந்து மாட்டிடறேன்."

"ஐயோ, அது எப்படிங்க?" தையலம்மா உண்மையான அக்கறையோடு சொன்னார். "நம்ம எல்லாருடைய குடையாச்சே. மடக்கிய நிலையில்னு நீங்கதானே எழுதினீங்க?"

ஆய்வாளர் கொஞ்ச நேரம் மௌனமாக நின்றார். இந்த முறை அது வாரியத்தின் வழக்கம் போலத் தெரியவில்லை. பிறகு தூரிகையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையின் ஒழுகும் கூரைக்கு அடியில் மச்சினன் தொப்பலாக நின்றிருந்தான். நகர்ந்து ஆய்வாளருக்கு இடம் கொடுத்தான். இருவரும் திறந்த சன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தத் தெருவில் அன்றைக்கு நனையாமல் இருந்தது அந்தக் குடை ஒன்றுதான்.